பெட்டி கேட்காத பேச்சு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு வேறென்ன வேண்டுதல். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், அம்மாவுக்குப் பசியும் தூக்கமும் பரவாயில்லை, என் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. வாரத்தில் மூன்று நாள் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், அதோடு இது என் வாயால் சொல்ல வருகிற விஷயமும் இல்லை.

நீ லீவில் வந்து மாட்டிவிட்டுப் போன சாமான்கள் எல்லாம் வேலை செய்கின்றன. அடுப்பில் பொருத்தியதுதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது, பத்து நிமிஷம் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் தானாக அணைத்துவிடுகிறது, மூன்று நாளாக அரைவேக்காட்டு உருளைக்கிழங்கு தின்கிறேன். வாசல் கதவைத் திறந்தால் மணி அடிக்கிறது, குப்பை கொட்டப் போனாலும் அடிக்கிறது, என்னையும் சேர்த்துக் காவல் காக்கிறது போலிருக்கிறது. கிழமை காட்டுகிற கடிகாரத்தை அம்மா பார்த்துவிட்டு, இன்னைக்கு வியாழன்னு இது சொல்லுதே, நம்பலாமா என்று என்னிடம் கேட்பாள். மாத்திரைப் பெட்டிக்கு மட்டும் மறுபேச்சே கிடையாது. உன் குரலில் அது அம்மா, மாத்திரை போட்டாச்சா என்றதும், இதோ வந்துட்டேன்டி தங்கம் என்று ஓடி வருகிறாள். நான் சொன்னால் உங்க வேலையைப் பாருங்க என்பாள். விழுங்கிவிட்டு அதனோடு கதையும் பேசுவாள். போன மாதம் ஒரு காலையில் கதவோரம் நின்று கேட்டேன். இந்த வீட்ல இருக்கிற மனுஷன் ரொம்ப நல்லவருடி, ஆனா சில நேரம் யாருன்னே பிடிபட மாட்டேங்குது, தெரிஞ்சவ மாதிரியே இருந்துடறேன், பாவம் மனசு நொந்துடுவாரு, அவர்கிட்ட சொல்லிடாதே என்றாள். நாற்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியவன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன் கண்ணு. சத்தம் காட்டாமல் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை பெட்டியின் மூடி சிக்கிக்கொண்டது, ரிப்பேர்க்காரர் வந்தார். நல்ல மனிதர், பொறுமையாக எல்லாம் விளக்கினார். அது கூப்பிட்டபிறகு ஒரு நிமிஷம் பச்சை விளக்கு எரியும் இல்லையா, அந்த ஒரு நிமிஷம் யார் என்ன பேசினாலும் பதிவாகி உங்க மகள் போனுக்குப் போயிடும் ஐயா என்றார். மாதம் பிறந்ததும் முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது, உங்களால் இனி முடியாது என்று நீ திடீரென்று சொன்னாயே, ஏன் இந்த அவசரம் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் புரிந்தது. நான் பேசியதை நீ கேட்டிருக்கிறாய்.

நான் அப்படிப் பேசிய அன்றைக்கு நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து உன்னைக் கூட்டி வரணும் என்று காலையிலிருந்தே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். நானும் எத்தனை தடவைதான் சமாதானம் சொல்வது. கதவை மறித்தேன், என் கையைக் கடித்துவிட்டாள். பிறகு போய்க் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து இரண்டு மணி மாத்திரைக்கு உன் குரல் கூப்பிட்டது, அவள் அசையவில்லை. நான் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, என்னால முடியலம்மா, இவ சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா ரெண்டு பேருக்கும் விடுதலை என்று சொல்லி அழுதேன். யாரும் கேட்கவில்லை என்று நினைத்துச் சொன்னேன் என்று எழுதினால் அது இன்னும் கேவலம். சொன்னேன், அவ்வளவுதான். இத்தனை நாளாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தாயே, உனக்குத்தான் எவ்வளவு பாரம்.

ஆனால் நீ கேட்டது அந்த ஒரு நிமிஷம்தான். விளக்கு அணைந்த பிறகு அம்மா எழுந்து வந்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, யாரைச் சொல்றீங்க, உங்க வீட்டம்மாவையா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக நின்றவள் அல்லவா, நோயாளியோடு வந்திருக்கிற ஆள் என்று என்னை நினைத்துவிட்டாள். தோளில் கை வைத்து, அசதியில அப்படித்தான் வாயில வரும், அதுக்காக அவங்களைக் கைவிட்டுடாதீங்க, அவங்களுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா, நீங்க செத்த நேரம் படுங்க, நான் பார்த்துக்கறேன் என்றாள். நான் போய்ப் படுத்துக்கொண்டேன், அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அப்படிச் சொன்னவளை நான் எந்தக் கையால் கூட்டிப்போய் விடுவேன் சொல்லு. இல்லத்தில் வேண்டாமென்று சொல்லிவிடு கண்ணு. பகலில் ஒத்தாசைக்கு ஒரு அம்மாளைப் பார்த்து அமர்த்து, இந்தத் தடவை வீம்பு பண்ணமாட்டேன். என்மேல் கோபம் இருந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேத்திக்கு முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் மறக்காமல் நெடுங்காலம் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, பெட்டியில் இருக்கிற உன் குரலை மாற்றிவிடாதே. இந்த வீட்டில் அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிற ஆள் அது ஒன்றுதான்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா