எழுபதிலிருந்து இருநூற்றுப்பத்து வரை

மூன்று வருடத்துக்கு முன்னால், தொண்டாமுத்தூரில் ஒரு வாழைத்தோட்டத்து ஓரத்தில், யானை உன்னை அடித்துக் கொன்றது. அப்போது உன் கேமராவில் இருந்தது முப்பத்தைந்து-எழுபது ஜூம் லென்ஸ். கிட்டே நின்று எடுக்கிற, கல்யாண வீட்டுக்கு ஆகிற லென்ஸ். யானைக்கு ஆகாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உயிரோடு இருந்த வரைக்கும் உன்னை ஒருநாளும் ‘நீ’ என்று சொன்னதில்லை. சண்டை போட்டபோதுகூட வாங்க, போங்கதான். இன்றைக்கு அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது.

காலையில் பீரோவைத் திறந்தால் குப்பென்று அந்துருண்டை வாசம். என் வீட்டில் பட்டுப் புடவைக்கு வைத்ததில் ஒன்று உருண்டு வந்து லென்ஸ் பெட்டியின்மேல் சாய்ந்து கிடந்தது. “லென்ஸுகிட்ட அந்துருண்டைய வெக்காதீங்க முதலாளி, கண்ணாடியில ஆவி படிஞ்சு போயிரும்” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். கண்ணாடிக்கு அவ்வளவு பார்த்தவன் உடம்புக்குப் பார்த்தாயா? உருண்டையை எடுத்து ஜன்னல் வழியாக வீசினேன். ஆத்திரம் தீரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் பழகியதே சண்டையில்தான். கிராஸ்கட் ரோட்டு போட்டோ லேபில் கவர் மாறிப்போய், என் மச்சினன் கல்யாணப் படங்களுக்குப் பதிலாக உன்னுடைய முப்பத்தாறு மீன்கொத்திப் படங்கள் என்னிடம் வந்தன, என்னுடையது உன்னிடம் போனது. ஒவ்வொன்றிலும் மீன்கொத்தி கடுகளவு.

“ஏனுங்க, இதுல குருவி எங்கீங்க இருக்குது?” என்றேன்.

“நடுவுலதானுங்க. நல்லாப் பாருங்க. உங்க மாப்பிள்ளைக்குத்தான் நெத்தியவே காணோம்” என்றாய்.

நான் கிட்டே போய்த் தலையை வெட்டுகிற ஆள். நீ தள்ளி நிற்கிற ஆள். குருவி பறந்துவிடும் என்று நாற்பதடி தள்ளி மூச்சுவிடாமல் நிற்பாய். அந்த மனுஷனா கடைசியில் அவ்வளவு கிட்டே போனது?

சைக்கிளில் கழிவுப் பஞ்சு மூட்டை கட்டி மில் மில்லாக அலைந்து மேலே வந்தவன் நான். நீ பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். தனித்தனியாக எல்லா லென்ஸும் வாங்க முடியாது என்று கூட்டுச் சேர்ந்தோம். ஒருவர் லென்ஸ் இன்னொருவருக்கும் மாட்டுகிற மாதிரி, ஒரே மவுண்ட் கேமராவாக ஆளுக்கொன்று. லென்ஸ் மட்டும் பொது. லென்ஸில் எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். என்னிடம் இருபத்தெட்டும் ஐம்பதும். உன்னிடம் அந்த முப்பத்தைந்து-எழுபது. ஆபீஸ் டிரேசிங் தாளில் இருபத்தெட்டிலிருந்து முந்நூறு வரைக்கும் அளவுகோல் மாதிரிக் கோடு போட்டாய். இருப்பதை நீல மையில் நிரப்பினாய், இல்லாததைச் சிவப்பில்.

“பாருங்க முதலாளி, எழுபதுக்கு மேல பூராப் பொட்டல் காடு.”

எந்த லென்ஸால் அந்தக் காட்டை நிரப்புவது என்று ஒரு மாதம் மல்லுக்கட்டினோம். எழுபத்தைந்து-முந்நூறு வாங்கலாம், கொடுக்கிற காசுக்கு நீளம் ஜாஸ்தி என்றேன் நான். முந்நூறு முனைக்குப் போனால் அது இருட்டு, சாயங்கால வெளிச்சத்தில் படம் ஆடிப்போகும் என்றாய். “எழுபது-இருநூத்திப்பத்துதானுங்க சரி. நம்முளுது எங்க முடியுதோ அங்கயே ஆரம்பிக்குது. கடைசி வரைக்கும் ஒரே வெளிச்சம்.” சரி என்று ஒத்துக்கொண்டேன்.

கோட்டைமேட்டில் பழைய கேமரா விற்கிற பாயிடம் அது வந்திருந்தது. ஏழாயிரம் சொன்னார். நான் ஆறு என்றேன். ஆறரைக்கு இறங்கினார். நான் எழுந்துவிட்டேன். விலை கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும், ஒரு வாரம் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. சரக்கு வைத்திருக்கிறவன் தானே கூப்பிடுவான். என் தொழிலே அதில்தான் ஓடுகிறது. படி இறங்கும்போது நீ மெதுவாகச் சொன்னாய்: “ஐந்நூறுதானுங்களே. நானே போட்டுர்றேன்.”

எனக்குச் சுருக்கென்றது. “பேரம் என்னோட வேலைங்க. நீங்க கோடு போடறதோட நில்லுங்க” என்றேன். நீ நின்றுகொண்டாய். ஏனய்யா நின்றாய்? கையில் பணம் இருந்தது, கடை பத்தடியில் இருந்தது. திரும்பிப் போய் வாங்கியிருந்தால் நான் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்திருப்பேன். அவ்வளவுதானே?

நாலாம் நாள் மத்தியானம் ஆபீஸிலிருந்து போன் செய்தாய். தொண்டாமுத்தூர்த் தோட்டத்துக்காரர் தகவல் சொல்லிவிட்டாராம். மூன்று நாளாகப் பொழுது சாய்கிற நேரத்தில் ஒற்றை யானை வாழைக்குள் இறங்குகிறது என்று.

“சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க. பாய் அவராவே கூப்புடுவாரு. லென்ஸோட போலாம்.”

“யானை என்ன உங்க பாயிங்களா முதலாளி, நம்ம போனுக்குக் காத்துக் கிடக்க?” என்றாய். நான் சிரித்தேன். “சும்மா பாத்துட்டு வந்தர்றேனுங்க” என்று வைத்துவிட்டாய். கேட்கக் கூடாத இடத்தில் என் பேச்சைக் கேட்டாய். கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் பஞ்சுக் கடை போன் அடித்தது. பாய். “ஆறுக்கே எடுத்துக்குங்க, முதலாளி. உங்ககிட்ட ஆகாது.” ஜெயித்த சந்தோஷத்தில் டீ சொன்னேன். டீ வருவதற்குள் இரண்டாவது போன், தோட்டத்துக்காரரிடமிருந்து.

“வரப்பத் தாண்டாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்க” என்று அவர் அழுதார்.

அவர் கொண்டுவந்து கொடுத்த கேமராவில் லென்ஸ் வளையம் எழுபதில் நின்றிருந்தது. ஃபிலிமைக் கழுவினேன். பதினாலு படம். முதல் படத்தில் யானை தீப்பெட்டி அளவு. அடுத்ததில் கொஞ்சம் பெரிது. அதற்கடுத்ததில் இன்னும். லென்ஸ் எழுபதோடு முடிந்துவிட்டது. மிச்ச தூரத்தை நீ காலால் நடந்திருக்கிறாய். பதினோராவது படத்தில் வாழை இலையை விலக்கிக்கொண்டு யானை நேராகப் பார்க்கிறது. காது விரிந்திருக்கிறது. அருமையான படம். அது போதாதா? அதோடு திரும்பியிருக்கக் கூடாதா? பன்னிரண்டு எதற்கு? பதின்மூன்று எதற்கு? பதினாலாவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

துக்கம் கேட்க வந்த ஒருவர், “போட்டோ மேல உசுரா இருந்தாரு, அதுலயே போய்ச் சேந்துட்டாரு, குடுத்து வெச்சவரு” என்றார். “வாயை மூடுங்க” என்று கத்தினேன். பந்தலே திரும்பிப் பார்த்தது. அப்போது உன் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்: “அந்த லென்ஸ வாங்கிப்போட்டீங்களாண்ணா? அது வந்திருச்சுன்னா தூரமாவே நின்னு எடுப்பேன், பயப்படாத அம்மணின்னு சொல்லீட்டே இருந்தாருங்க.”

உன்மேல் எனக்கிருக்கிற கோபத்தில் பாதி என்மேல் இருக்க வேண்டியது. அது தெரியாத ஆளில்லை நான். இருந்தாலும் உன்னை விடமாட்டேன்.

இன்றைக்கும் பஞ்சுக்குப் பேரம் பேசுகிறேன், எழுந்து வருகிறேன். சோறு அதில்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த லென்ஸை மாட்டிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போகிறேன். நாற்பதடி தள்ளி நிற்கிறேன். மீன்கொத்தியின் கண்கூடத் தெரிகிறது. உன் சிவப்புக் கோட்டின்மேல் எழுபதிலிருந்து இருநூற்றுப்பத்து வரை நீல மை போட்டுவிட்டேன்.

உன் காரியம் முடிந்த மறுநாள் வாங்கியது அந்த லென்ஸ். பாய் ஏற்கெனவே பெட்டியில் கட்டி வைத்திருந்தார்.

“ஆறு குடுங்க போதும்.”

“மொத நாள் என்ன சொன்னீங்க, பாய்?”

“அது சும்மா சொல்றதுங்க முதலாளி. வேண்டாங்க, எனக்குப் பாவம்.”

“என்ன சொன்னீங்க?”

“ஏழு.”

ஏழாயிரம். அங்கேயே, ரொக்கமாக, ஒரு ரூபாய் குறைக்காமல்.