புள்ளி வைத்த அளவு நோட்டு

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். என் தையல் கடைக்கு எதிரிலேயே நீ பலகை மாட்டியதைத் தெருவே வேடிக்கை பார்க்கிறது. அறுபத்தாறு வயதில் தனிக்கடையா? கடையின் நாற்பதாம் ஆண்டு விழாவில், "தங்கச்சி சும்மா பொத்தான் தைப்பா"ன்னு வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்கு மறுநாளே இப்படியா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? வந்துவிடு.

உன் அண்ணன்

மார்ச் 5

அண்ணாவுக்கு,

சௌக்கியம். வாய் தவறவில்லை. நாற்பது வருஷமாக நீ அதைத்தான் சொல்கிறாய். திரைக்குப் பின்னால் நான் வெட்டுவேன், முன்னால் நின்று நீ 'மாஸ்டர்' ஆவாய். விழாவில் உனக்குக் கைதட்டியவர்கள் போட்டிருந்த கோட்டெல்லாம் நான் வெட்டியது. வயிறு எரிந்தது அண்ணா. யோசித்தால் பயம் வந்துவிடும் என்று யோசிக்காமலே கடை எடுத்தேன். இனி உன் மகன் வெட்டட்டும்.

தங்கை

மார்ச் 29

அன்புத் தங்கைக்கு,

நீ எழுதிய அளவு நோட்டில் உள்ளபடிதான் என் மகன் வெட்டினான். ஒருத்தருக்கும் கோட்டு மூடவில்லை. மறுபடி அளவெடுத்துத் தைத்தும் அதே கதை. அளவுக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, அது என்னம்மா? மை சிந்தியது என்று நினைத்துவிட்டோம். கடை மானம் கப்பல் ஏறுகிறது.

அண்ணன்

மார்ச் 30

அண்ணாவுக்கு,

டேப்பைக் கண்டாலே ஆம்பிளைகள் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். யார் எவ்வளவு எக்குவார் என்பதுதான் அந்தப் புள்ளி. ஒரு புள்ளிக்கு எவ்வளவு துணி விடவேண்டும் என்பது என் கைக்குத்தான் தெரியும். "நாற்பது வருஷமாக இங்கே துணி வெட்டியது என் தங்கை" என்று பெரிய எழுத்தில் எழுதி உன் கடைக் கண்ணாடியில் ஒட்டு. பிறகு பேசலாம்.

தங்கை

ஏப்ரல் 2, காலை

தங்கைக்கு,

ஒட்டிவிட்டேன். என் கையாலேயே எழுதினேன். வாசலில் ஒரே கூட்டம், வெளியே தலைகாட்ட முடியவில்லை. உன் மனசு குளிர்ந்ததா? ஒரு புள்ளிக்கு எவ்வளவு துணி என்று இப்போதாவது சொல்லம்மா.

அண்ணன்

ஏப்ரல் 2, மாலை

அண்ணாவுக்கு,

இங்கிருந்தே படித்தேன். குளிர்ந்தது. படித்தவர்கள் அத்தனை பேரும் நேரே தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்துவிட்டார்கள், நிற்க இடமில்லை. பேசலாம் என்றுதான் எழுதினேன், சொல்லித் தருகிறேன் என்று எழுதவில்லையே. அந்தத் தாளை மட்டும் கிழித்துவிடாதே. கிழித்தால் ஏன் என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள்.

பேசுவோம் அண்ணா. இப்போது கை வேலையாக இருக்கிறது.

தங்கை