கிணற்றில் கிடந்தவள்

ஆவணி, ஞாயிறு.

செல்வம் எடுத்த படத்தை அருப்புக்கோட்டையில் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட்டாளி. கையிலிருந்த கொஞ்சக் காசில், புதுமுகங்களை வைத்து, நரிக்குடிப் பக்கமே எடுத்திருக்கிறான். இடைவேளை வரை கண்ணை எடுக்க முடியவில்லை. கண்மாய்க் கரையும் கருவேலங்காடும் அவ்வளவு நிஜம். அதன் பிறகு துப்பெல்லாம் தானாக வந்து விழுகிறது. கொலைகாரன் யாரென்று பின்வரிசைக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

அது போகட்டும். படத்தில் கிணற்றில் பிணமாகக் கிடக்கும் பெண் என் அக்காவின் கதைதான். நிஜத்தில் அவளைக் கொன்றவன் இன்னும் அகப்படவில்லை. அந்தப் பச்சைச் சேலை, ஒற்றைச் செருப்பு எல்லாம் செல்வத்திடம் நான் அழுதுகொண்டே சொன்னவை. படத்தில் அவளுக்கு ஒரு கள்ளக்காதலனையும் சேர்த்திருக்கிறான்.

தியேட்டர் வாசலில் நின்றவனைப் பிடித்துக் கேட்டேன். "ஏலே, எங்கக்காவ ஏன்டா இப்படிக் காட்டுன?"

"கொலைக்கு ஒரு காரணம் வேணும்ல? பேரத்தான் மாத்திட்டேன்ல" என்றவன், தோளில் கைபோட்டு, "சரி, படம் எப்படி?" என்றான்.

"மொதப் பாதி நல்லாருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன்.

வீட்டில் அம்மா கேட்டபோது, "படம் நல்லால்லம்மா, போகாத" என்றேன்.

"கூட்டாளி முன்னுக்கு வந்தா ஒனக்கு ஏன்யா பொறுக்கல?" என்று என்னைத்தான் ஏசினாள். நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு போகிறாளாம். இன்னும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.