நடுப் புஷ்ஷின் ஓட்டை

மார்ச் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பட்டறைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. வாளி வைத்தேன்.

ராவுத்தரின் அரிசி லோரி பத்து மணிக்கு வந்தது. தானாக வரவில்லை. பாலிக் புலாவ் மலை ஏற்றத்தில் நின்றுபோய், வேறொரு லோரி கயிறு கட்டி இழுத்து வந்தது. கிழட்டு வண்டி. இஞ்சின் நொண்டுகிறது, டக் டக் என்று சத்தம் வேறு.

பார்த்தவை: பிளக் நல்லது. பொறி நல்லது. பெட்ரோல் வருகிறது. பக்க மூடியைக் கழற்றினேன். டிரைவர் சின்னையா முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினான். மற்ற வால்வுகள் ஒழுங்காக எழும்புகின்றன. நடுவில் இரண்டு மட்டும் சோம்பேறிகள், பாதிதான் எழும்புகின்றன. ஆகவே கேம் ஷாப்ட். வால்வைத் தூக்கிவிடும் தண்டு தேய்ந்துவிட்டது.

ராவுத்தர் குடையோடு வந்தார். எண்ணெய் இல்லாமல் ஓட்டினானா என்று என்னைக் கேட்டார். எண்ணெய் அளவுக் கோலை உருவிப் பார்த்தேன். குறிக்கு ஒரு விரல் கீழே. குறைச்சல் மாதிரிதான் தெரியுது முதலாளி என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

காலையில் ஊற்றினேன் என்று சின்னையா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். ராவுத்தர் காதில் ஏறவில்லை. நின்ற இடத்திலேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ஏழு வருஷ டிரைவர். நான் ஸ்பானர் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மலை ஏறி இறங்கும் வண்டியில் ஒரு விரல் குறைவது சகஜம். எனக்குத் தெரியாதா என்ன.

வீட்டுக்காரி சரசு மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

நல்ல வெயில். ரேடியேட்டர், முன் மூடி, பல்சக்கரம் எல்லாம் கழற்றி ஷாப்டை உருவ மதியம் ஆகிவிட்டது.

ஷாப்ட் மூன்று இடத்தில் புஷ் என்ற உலோக வளையத்துக்குள் உட்கார்ந்து சுற்றும். முன்னும் பின்னும் பளபள. நடு மட்டும் கருகி நீலம் பாய்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் வால்வைத் தூக்கும் மேடுகள் இரண்டும் வழுக்கை. எண்ணெய் இல்லாமல் ஓட்டியிருந்தால் மூன்றும் கருகியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் கருகாது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். இஞ்சின் உடம்பில் ஒரு ஓட்டை, அதன் வழியாக எண்ணெய் வரும். புஷ்ஷிலும் ஒரு ஓட்டை. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நடுப் புஷ் கால் வட்டம் திரும்பி நிற்கிறது. ஒரு சொட்டு உள்ளே போக வழி கிடையாது.

அந்தப் புஷ்ஷை அடித்து ஏற்றியவன் நான்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள். விரதம், பசி, மறுநாள் காவடி. ஏற்றி முடித்ததும் ஓட்டைக்குள் கம்பி விட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பதும் அதையேதான். அன்றைக்கு விடவில்லை. ஆறு வாரம் தாங்கியதே பெரிய காரியம். மறுநாள் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறும்போது மனசில் அழுக்கே இல்லை என்று ஒரு நினைப்பு வேறு எனக்கு.

புஷ்ஷைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பட்டறையில் யாரும் இல்லை. இருந்தும் திரும்பிப் பார்த்தேன்.

மார்ச் 6, புதன்

மூட்டம். மழை இல்லை. ஷாப்டுக்கு மூன்று வழி.

1. சிங்கப்பூரிலிருந்து புதுசு. பத்து நாளில் வரும். பழைய மாடல் என்பதால் கருகிய ஷாப்டையும் புஷ்களையும் அளவுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் என் தப்பு அங்கே தெரிந்துவிடும்.
2. ஆ லியோங் பழைய இரும்புக் கடையில் ஒன்று. அதே கம்பெனியின் மோட்டார் காரில் இருந்தது. நீளம் ஒன்று, பல் ஒன்று, மினுமினுவென்று இருக்கிறது.
3. அவரிடமே இன்னொன்று. லோரியில் இருந்தது. துரு.

முதல் வழிக்கு ஒரு மாதம் ஆகும் என்று ராவுத்தரிடம் சொல்லிவிட்டேன். பொய். வாய் கூசவில்லை, அதுதான் ஆச்சரியம்.

காலிப்பர் வைத்து இரண்டையும் அளந்தேன். கார் ஷாப்டின் மேடு ஒரு தபால் அட்டைக் கனம் குறைவு. வால்வு அவ்வளவுக்கு அவ்வளவு குறைவாகத் திறக்கும். கடைத்தெருவில் ஓடும், அரிசி மூட்டையோடு மலையில் மூச்சு முட்டும். துருப்பிடித்ததை எடுத்தேன். துரு மேல்தோலில்தான், தேய்த்தால் போய்விடும். ஷாப்ட் பொறுக்க மட்டும் நன்றாகத் தெரிகிறது.

ஆ லியோங் என் கருகிய ஷாப்டை வாங்கி நடுவில் கட்டைவிரலால் தடவினார். இந்த இடம் மட்டும் ஏன் வெந்திருக்கிறது என்று மலாயில் கேட்டார். தெரியாது என்றேன். நாற்பது வருஷம் இரும்போடு இருந்தவர். சிரிக்கவும் இல்லை, மேலே கேட்கவும் இல்லை.

மார்ச் 7, வியாழன்

புதுப் புஷ் கடைந்து வந்தது. ஏற்றினேன். கம்பி விட்டேன். மறுபடியும் விட்டேன். ஏழெட்டுத் தரம் விட்டிருப்பேன், பைத்தியக்காரன் மாதிரி.

பதினோரு மணிக்குச் சின்னையா வந்தான். சண்டைக்கு வந்தானோ என்று நினைத்தேன். இல்லை. சனிக்கிழமை நாகப்பட்டினம் கப்பலில் குடும்பத்தோடு போகிறானாம். எண்ணெய் ஊற்றாத டிரைவர் என்று ராவுத்தர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார், எந்த முதலாளியும் வண்டி கொடுக்கவில்லை. சொந்த ஊரில் ஓட்டுவதற்கு லோரி இல்லை, அண்ணன் வயலில் கூலிக்குத்தான் நிற்க வேண்டும்.

வந்த காரியம் வேறு. மலையில் இரண்டாவது வளைவுக்கு முன்னாலேயே கியரை இறக்கிவிட வேண்டும், வளைவுக்குள் இறக்கினால் வண்டி பின்னால் வழுக்கும், புது டிரைவருக்கு நான் சொல்லிவிட வேண்டுமாம். போகிறவனுக்கு என்ன அக்கறை இது.

கிளம்பும்போது நின்றான்.

"காலைல ஊத்துனேன்னுதாண்ணே நெனப்பு. ஆனா நீங்க கோல் எடுத்துப் பாத்துச் சொன்னீங்க. நீங்க சொன்னா சலா இருக்காது, தப்பு வராது. மறந்துட்டேன் போல."

டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். டீயாம்.

மத்தியானச் சோறு இறங்கவில்லை. சரசு காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளை விரட்டிவிட்டேன். அதுவும் தப்பு.

மார்ச் 8, வெள்ளி

இஞ்சின் ஓடிவிட்டது. ஒரே சுற்றில் பிடித்தது. சத்தம் அடங்கி மிருதுவாக ஓடுகிறது. வேறொரு நாளாக இருந்தால் பாட்டுப் பாடியிருப்பேன்.

ஜும்மா தொழுகை முடிந்து ராவுத்தர் நேராகப் பட்டறைக்கு வந்தார். காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டார். பையிலிருந்து பழைய புஷ்ஷை எடுத்து அவர் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை, தைப்பூசம், கோல், சிங்கப்பூர்ப் பொய். திட்டுவார், இனிமேல் வண்டி தரமாட்டார், பேரைக் கெடுப்பார் என்று எல்லாவற்றுக்கும் மனசைத் தயார் செய்துதான் சொன்னேன். சின்னையாவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றும் கேட்டேன்.

அவர் புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வண்டி ஓடுதுல்ல, விட்டுத் தள்ளுலா. கடத்தெரு பூரா அவன் மேலதான் தப்புன்னு சொல்லிட்டேன். இப்பப் போயி மாத்திச் சொன்னா என் பேச்சுக்கு என்ன மரியாத? டிரைவர் பத்துப் பேரு வாசல்ல நிக்கிறான். இந்தக் கெழட்டு வண்டிக்கு ஒன்ன மாதிரி பிட்டர் எங்க கெடைப்பான்?"

தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அடி வாங்கப் போன எனக்குக் கிடைத்தது அதுதான். திட்டியிருந்தால் இன்று இரவு தூங்கியிருப்பேன். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9, சனி

காலை ஏழரைக்குத் துறைமுகம். தூறல். டெக் பயணிகளைப் படகில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தகரப் பெட்டிகள், பாய்ச்சுருட்டு, கோழி விற்கிறவன் போடும் கூச்சல். சின்னையாவைத் தேடிப் பிடிக்கவே அரை மணி. மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒன்று கைப்பிள்ளை.

தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். புஷ்ஷைத் திருப்பி ஏற்றியது நான்தான், உன் மேல் தப்பில்லை, ராவுத்தரிடமும் சொல்லிவிட்டேன், அவர் கேட்கவில்லை. காலரைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நல்லது. அவன் கேட்டது இதுதான்.

"அப்ப அன்னைக்கு நான் எண்ண ஊத்துனது நெசந்தானேண்ணே?"

நிசம்தான் என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. இத்தனை நாளில் நான் அப்படி அவனைப் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவியிடம் போனான்.

"நான் மறக்கல புள்ள. ஊத்தித்தான் இருக்கேன். அண்ணனே சொல்லிட்டாரு."

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறகு கைப்பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படகில் இறங்கினாள்.