ஒட்டுத்தாளின் கீழே

மொன்ட்ரியால்-நோர்
3.2.1996

றோசலினுக்கு,

சுகமாக இருப்பீர் என்று நினைக்கிறேன். போன் எடுத்தால் வைத்துவிடுகிறீர், ஆகவே எழுதுகிறேன்.

மார்ச் 16, சனிக்கிழமை, டவுன்டவுனில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் பாட்டுக்கு விடிய விடிய நடனம். இங்கிலாந்தில் நாம் புருஷன் பெண்சாதியாகப் பாடித் திரிந்தோமே, அதே மாதிரி. நடத்துகிறவரிடம் நமது 1974 இசைத்தட்டைப் பற்றிச் சொன்னேன். ஜோடியாக வந்தால் மேடை தருகிறாராம், தனியாக என்னை வேண்டாமாம்.

பிரிந்து பதினொரு வருடம். ஒரு இரவுக்கு என்னைப் பொறுத்துக்கொள்ளலாம். உமது குரல் இப்போது கோயில் பாட்டுக்குத்தான் காணும், பரவாயில்லை, நான் சமாளிப்பேன். பாடிப் பழகத் தட்டை அனுப்புகிறேன். நடுவில் நான் ஒட்டிய வெள்ளைத்தாளை உரிக்க வேண்டாம்.

நிர்மலன்


செயின்ட்-மிஷேல்
11.2.1996

நிர்மலனுக்கு,

சுகம். உமது கடிதத்தை பஸ்ஸில் வாசித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

நீர் சமாளிப்பீரா? இரண்டாவது சரணத்தில் மூச்சு வாங்கி மைக்கை என்னிடம் தள்ளியவர் யார்? ஆடுகிறவர்கள் வழுக்கிச் சுழல நிலத்தில் பவுடர் தூவுவார்களே, அது தொண்டையை அடைத்துவிட்டது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே பொய்.

ஆனாலும் எனக்குப் பாட ஆசை. மறைக்க மாட்டேன். இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னைப் பாடச் சொல்லிக் கேட்கவில்லை.

ஒரு கேள்வி. தட்டு வந்த அன்றே, நான் பார்க்கமுதல், தாளை ஒட்டிவிட்டீர்; நடனங்களில் தட்டுப் போடுகிறவர்கள், போட்டிக்காரர் அதைக் கண்டுபிடிக்காமல் இருக்கப் பொய்ப்பெயர் எழுதி ஒட்டுவது இங்கிலாந்தில் வழக்கம் என்று சொன்னீர். அந்தத் தாளின் கீழே நம் இரண்டு பெயரும் இருக்கிறதுதானே?

றோசலின்


மொன்ட்ரியால்-நோர்
17.2.1996

றோசலினுக்கு,

இருக்கிறது, இருக்கிறது. மேலே நான், கீழே நீர். இசைத்தட்டுக் கொம்பனிக்காரன் உம்மைச் சேர்த்ததே நான் கெஞ்சியதால்தான். எத்தனை தரம் சொல்லுவது?

தாளில் கைவைக்க வேண்டாம். சிவப்புச் சேலையும் வேண்டாம், இந்த வயதுக்கு எடுபடாது. சம்மதம் என்று உடனே எழுதும்.

நிர்மலன்


செயின்ட்-மிஷேல்
26.2.1996

நிர்மலனுக்கு,

தட்டைக் கசற்றில் பதிந்து அனுப்பியிருந்தால் தப்பியிருப்பீர். சோம்பேறி, அதற்கும் பஞ்சிப்பட்டீர்.

இளஞ்சூட்டுத் தண்ணீரால் தாளை நனைத்து எடுத்தேன். கீழே பெரிய எழுத்தில் றோசலின். கடைசி வரியில், எறும்பளவு எழுத்தில், கூடப் பாடியவர் நிர்மலன்.

நீர் இல்லாவிட்டால் என்னை நாய்கூடத் திரும்பிப் பாராது என்று சொல்லிச் சொல்லியே என் வாயை மூடினீர். நானும் நம்பினேன். அந்த மடைத்தனத்தை நினைத்து ஒரு நாள் முழுக்க அழுதேன். உமக்காக அல்ல, வீணாகப் பெருமைப்பட வேண்டாம்.

நேற்று தட்டைக் கொண்டுபோய் நடத்துகிறவரிடம் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தி, இந்தக் குரல் ஒன்றே போதும் என்றார். 16ஆம் திகதி தனியாகப் பாடுகிறேன். சிவப்புச் சேலைதான்.

உம்மைப் பற்றியும் சொல்லி வைத்தேன். பவுடர் தூவ ஆள் தேவையாம். ஒன்பது மணிக்கு வந்துவிடும். தொண்டையை மூடிக்கொண்டு வாரும்.

றோசலின்