இருபத்து நான்கில் ஒன்று

அக்கா,

இன்று காலை கடை திறந்ததும் முதலில் வந்தது ஒரு கல்லூரிப் பெண். பரீட்சைக்கு வரக்கூடிய உயிரியல் கேள்விகளை யாரோ தொகுத்திருக்கிறார்கள். வகுப்பு முழுவதற்கும் ஜெராக்ஸ் வேண்டும் என்றாள். மெசினிலிருந்து சூடாக வந்து விழும் தாளுக்கு ஒரு வாசனை உண்டு, இஸ்திரி போட்ட துணியும் மருந்தும் கலந்தது போல. என் கடைக்கு வந்தால் தலை வலிக்கிறது என்று நீ மூக்கைப் பொத்திக்கொள்வாயே, அதே வாசனைதான். தாளை அடுக்கும்போது வழக்கம்போலப் படித்தேன். செல் பிரிதல், இலை உணவு தயாரிக்கும் விதம், சிறுநீரகம் வேலை செய்யும் முறை. நாலாவது பக்கத்தில் அந்தப் பழைய கேள்வி மறுபடியும் இருந்தது.

ஆங்கிலத்தில் இருந்ததை உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். தலசீமியா என்னும் ரத்த நோயில் ஒரு சிறுமி இறந்துவிட்டாள். நோயில்லாத அவள் தம்பி, தாய்மாமன் மகளை மணக்கிறான். தாய்மாமன் அந்த நோயின் கூறை வெளியே தெரியாமல் ரத்தத்தில் வைத்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு எனக் கொள்க. பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு?

அந்தப் பெண் சில்லறையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அடுத்த ஆளைக் கவனிக்கவில்லை.

நாம் இருவரும் சண்டை போட்டது இந்தக் கேள்வியினால்தான் என்று நீ கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. வசதியான இடத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டேன், அதை மறைக்க ஒரு நோயைப் பிடித்துக்கொண்டேன் என்று வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிவைத்தாய். அந்த வருத்தம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. நீ போய்விட்டாய் என்பதால் அதைக் கரைத்துவிட என்னால் முடியாது. இருந்தபோது பேசவிடாத நீ, போகும்போதும் பேசவிடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எட்டாவதோடு நின்றவன் நான். திண்டுக்கல் நாகல் நகரில் இந்தக் கடையைப் போட்ட பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். மெசின் தள்ளும் தாளை எல்லாம் படித்தேன். புரியாத சொல்லை அகராதியில் பார்த்தேன். வரலாறு, வணிகம் எல்லாம் வந்தன, போயின. உயிரியல் மட்டும் என்னை விடவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நம் பாப்பா.

உன்னை நம் தாய்மாமனுக்கே கொடுத்தார்கள். ஒருவரும் இரண்டாவது யோசனை செய்யவில்லை, உரிமை அது. பாப்பா பிறந்தாள். வெளுத்துக்கொண்டே போனாள். மாதாமாதம் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. மாமா காட்டு வேலையை விட்டு வரமுடியாத மாதங்களில் நான்தான் உன்னோடு வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளை வைத்துக்கொள்வாய். ரத்தம் ஏறிய மறுநாள் அவள் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து நீ சிரிப்பாய், மாதக் கடைசியில் அவள் நடக்காமல் உட்கார்ந்துவிடும்போது யாரோடும் பேசமாட்டாய். ஒருநாள் வார்டில் ஒரு பெரிய டாக்டர், சுற்றிலும் படிக்கிற பிள்ளைகளை நிறுத்திக்கொண்டு, சொந்தத்துக்குள்ளே கல்யாணமா என்று உன்னைக் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதில் பாப்பா போய்விட்டாள். அடுத்துப் பிறந்த பையனுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது நீ பழனிக்கு நடந்தே போனாய்.

பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள், நோயில்லாத பையனைப் பற்றிய அந்தக் கேள்வியைக் கடையில் முதல்முறையாகப் படித்தேன். எவ்வளவு போட்டும் விடை வரவில்லை. பைண்டிங்குக்கு வந்திருந்த ஒரு மாணவியிடம் காட்டினேன். அவள் தாளின் ஓரத்தில் நான்கு கட்டம் போட்டாள். அப்பா அம்மா இருவரும் நோயின் கூறை மறைவாக வைத்திருந்தால் பிள்ளைகளுக்கு நான்கு வழி என்றாள். ஒரு கட்டம் நோயாளி. இரண்டு கட்டம், அவர்களைப் போலவே மறைவாக வைத்திருப்பவர்கள். ஒரு கட்டத்தில் ஒன்றுமே இல்லை.

“பையனுக்கு நோய் இல்லன்னு தெரிஞ்சு போச்சுல்லங்கய்யா. அப்ப அந்த ஒரு கட்டத்த அடிச்சிருங்க. மிச்சம் மூணு. அதுல ரெண்டு.”

மூன்றில் இரண்டு. நான் பாதி என்றே நினைத்திருந்தேன். மிச்சக் கணக்கை நானே போட்டேன். எனக்குப் பாதி, என் வீட்டுக்காரி உறவில்லாத இடம் என்பதால் என் மகளுக்கு அதில் பாதி, கடைசியில் பிள்ளைக்கு நாலில் ஒன்று. எல்லாம் பெருக்கினால் இருபத்து நான்கில் ஒன்று. ஊரில் மற்றவர்களுக்கு இருப்பதைவிட அது மிகப் பெரிய எண். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது, என் மகள் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். உன் மகனுக்கு நீ எப்போது வேண்டுமானாலும் பெண் கேட்டு வருவாய் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வந்தாய். தட்டில் பூ, பழம், வெற்றிலை. மாமா வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு உன் பின்னால் வந்தார். தட்டைக் கூடத்தின் நடுவில் வைத்தாய். என் வீட்டுக்காரி காப்பி போட எழுந்தாள். நீயே சிரித்தபடி, காப்பி எல்லாம் மருமகள் கையால் என்றாய். சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த என் மகள் உள்ளே போய்விட்டாள். அவள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். மதுரையில் ஒரு பரிசோதனை இருக்கிறது, கையில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், முதலில் பையனுக்கு எடுத்துவிடு, மறைவாக இல்லை என்று வந்தால் தாம்பூலத்தை இப்போதே மாற்றிக்கொள்ளலாம் என்றேன். இருக்கிறது என்று வந்தால் என் மகளுக்கும் எடுப்போம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

“பொண்ணு கேட்டு வந்தா என் மகன் ரத்தத்தக் கேக்குறியாலே?”

மாமா உன் கையைப் பிடித்து உட்காரச் சொன்னார். நீ உதறினாய்.

“மெசினு படிச்சதெல்லாம் நீ படிச்சதாயிருமா? ஒரு டாக்டரு என்னைய நிக்கவச்சுக் கேட்டான். இப்ப நீ கேக்குற. அவனுக்கு நான் யாரோ. உனக்கு யாருலே?”

உன்னை நிற்கவைத்துக் கேட்ட அந்த நாளில் நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன் அக்கா. அதை மறந்துவிட்டு நான் கேட்கவில்லை. அந்த வார்டில் இன்னொரு பெண் தலைகுனியக் கூடாது, அது என் மகளாக இருக்கக் கூடாது என்றுதான் கேட்டேன். சொல்லியும் பார்த்தேன். நீ தட்டைத் தூக்கிக்கொண்டாய். ஒரு வாழைப்பழம் கீழே விழுந்து உருண்டது. மாமா குனிந்து எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே கொண்டுபோனார்.

நீ இறங்கிய பிறகு மகள் வந்து, அத்தையிடம் நான் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நீயாக வருவாய், பையனைக் கூட்டிக்கொண்டு பரிசோதனைச் சீட்டோடு வருவாய் என்று இருந்தேன். நீ வரவில்லை. மகளுக்குக் கோயம்புத்தூரில் இடம் வந்தது. நேரில் கொண்டுவந்து கொடுத்த பத்திரிகையை நீ வாசற்படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாய். மாமா காலமானபோது நான் வந்தேன், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் மகனுக்குப் பழனிப் பக்கம், உறவில்லாத இடத்தில் பெண் எடுத்தாய். அந்தச் செய்தியை மூன்றாம் மனிதர் சொல்லித்தான் கேட்டேன்.

அப்புறம் உனக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. நான் பஸ் ஏறுவதற்குள் அடுத்த போனும் வந்துவிட்டது.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை இல்லாமல் உன்னைத் தூக்க முடியாது. கொண்டுவர வேண்டியவன் நான் ஒருவன். சின்னாளபட்டிச் சேலை எடுத்தேன், உனக்குப் பிடித்த அரக்கு நிறம். சேலையைத் தட்டில் ஏந்திக்கொண்டு உங்கள் தெருவில் திரும்பியபோது மேளம் நின்றது. அழுதுகொண்டிருந்த பெண்களும் நிறுத்திவிட்டார்கள். திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றே நினைத்தேன். என் செத்த உடம்பில் அவன் சேலை விழக்கூடாது என்று நீ சொன்னதாக முன்பே எனக்குக் காதில் விழுந்திருந்தது. உன் மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிரே வந்தான். தட்டை வாங்கிக்கொண்டு என் காதருகே குனிந்தான்.

“கோடிய வாங்கிக்க, பேச மட்டும் விட்றாதன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்கு மாமா.”

நான் பேசவில்லை. சேலையைப் போர்த்தினேன், உன் காலைத் தொட்டேன், ஒதுங்கி நின்றேன். நான் வாழ்க்கையில் அடங்கிப் போனது அந்த ஒரு தடவைதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது உன் மகன் பின்னாலேயே வந்தான். பிறகு, வீட்டில் முழுகாமல் இருக்கிறாள், அந்தப் பரிசோதனையை எங்கே எடுப்பது என்று கேட்டான். உன் மருமகளும் எனக்கு போன் செய்தாள். “பயமா இருக்குதுங்க மாமா, அத்தை இருக்கும்போது இவர் வாயவே தொறக்கலீங்க” என்றாள். இருவரையும் திண்டுக்கல்லுக்கு வரச்சொல்லி நானே கூட்டிப்போனேன். ஊசியைக் கண்டால் உன் மகனுக்குப் பயம். அவன் தைரியத்துக்காக நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

முடிவு வாங்கப் போனது நானும் அவனும். அவனுக்கு இருக்கிறது, மறைவாக. உன்னிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ வந்தது. அவன் பெண்டாட்டிக்கு இல்லை. அதனால் பிள்ளைக்கு அந்த நோய் வராது என்று டாக்டர் சொன்னார். அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். நான் என் சீட்டைப் பிரித்தேன்.

எனக்கு இல்லை.

அவன் எட்டிப் பார்த்தான். நான் படித்தவற்றில் கொஞ்சம் அவனும் இப்போது படித்திருக்கிறான். எனக்கு இல்லையென்றால் என் மகளுக்கும் இல்லை என்பது அவனுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

“அப்ப அன்னைக்கு நீங்க மட்டும் எடுத்திருந்தாப் போதும்ல மாமா?”

குத்திக்காட்டும் குரலாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவன் கேள்வியாகவே கேட்டான். அந்தத் தாள் பையனிடமிருந்துதான் தொடங்கியது, தாய்மாமனைப் பற்றி ‘எனக் கொள்க’ என்று எழுதியிருந்தது, நானும் அப்படியே கொண்டேன். தேர்வு எழுதுகிறவனுக்குத் தாய்மாமன் தாளில் இருக்கிற ஆள். அவன் கையில் ஊசி போட முடியாது. எனக்கு என் கை என்னோடுதான் இருந்தது. இதை எல்லாம் அவனிடம் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.

கோயம்புத்தூருக்கு போன் போட்டேன். எல்லாம் சொன்னேன், என் சீட்டில் இருந்ததையும் சொன்னேன்.

“அத்தான் நல்லா இருக்காங்களாப்பா?” என்றாள் மகள்.

நல்லா இருக்கான் என்றேன். பிள்ளை அழுகிறான் என்று வைத்துவிட்டாள்.

அக்கா, இதற்காக நான் வந்து உன் படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வேன் என்று எதிர்பார்க்காதே. நான் கேட்டது கேட்க வேண்டிய கேள்வி. முடிவு இப்படி வந்தது என்பதால் அன்று கேட்டிருக்கக் கூடாது என்று ஆகிவிடாது. வேறு மாதிரி வந்திருந்தால் நீயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாய். நாளைக்கே நீ தட்டோடு படியேறினாலும் காப்பிக்கு முன்னால் கேட்பேன்.

இப்போதும் கேட்கிறேன். கடைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் சொந்தத்திலா என்று விசாரிக்கிறேன். ஆமாம் என்றால் விடுவதில்லை. கிழவனுக்கு வேறு வேலையில்லை என்கிறார்கள், கல்யாண வீட்டில் கெட்ட பேச்சு எதற்கு என்கிறார்கள். ஒருவர் ஜெராக்ஸ் எடுத்த தாளை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார். எவருடைய கோபமும் என்னை அசைக்கவில்லை. உன் அளவுக்குத் திட்ட ஒருவருக்கும் தெரியவில்லை.

சிலர் நின்று கேட்கிறார்கள், சரி, முதலில் யாருக்கு எடுப்பது என்று. பெண்ணின் அப்பாவுக்கு என்று சொல்கிறேன். ஏன் என்று இதுவரை எவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்வதும் இல்லை.