மாமா, மாடுகளை விற்றுவிட்டேன்

மாமா,

இன்று காலை பாக்கெட் பால் வாங்கிக் காய்ச்சினேன். நான் மருமகளாக இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த அடுப்பில் பாக்கெட் பால் ஏறியதே இல்லை. பொங்கி வரும்போது ஒரு வாசனை வந்தது. வாசனை என்றுகூடச் சொல்ல முடியாது. நீங்கள் இருந்திருந்தால் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், "இன்னாம்மா இது, கேன் கழுவுன தண்ணியா?" என்று கேட்டிருப்பீர்கள். நான் அதிலேயே ஒரு டீ போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தேன். இத்தனை வருடமும் காலை டீயை நின்றுகொண்டேதான் குடித்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாடுகளை விற்றுவிட்டேன், எல்லாவற்றையும். 'மேஜர்' என்று நீங்கள் பேர் வைத்து, மந்தைக்கு முன்னால் நடக்கவிட்டீர்களே, அந்தக் கொம்பு வளைந்த செவலையையும் சேர்த்துத்தான். ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். பேசட்டும். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது.

நீங்கள் போன அன்று வந்தவர்கள் மூன்று மனிதர்களுக்குத் துக்கம் விசாரித்தார்கள். மீசை நரைத்த சிலர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, "ஹவில்தார் சாப்" என்று அழுதார்கள். மறைமலைநகர் கம்பெனிகளில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள், "வேன் ஓனர் போயிட்டாரே" என்றார்கள். ஏரிக்கரைப் பக்கத்து ஜனங்களுக்கு நீங்கள் 'மாட்டுக்கார மிலிட்டரி'. நான் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான். எப்போதும் ஏதாவது ஒரு வேலையின் நடுவில் இருக்கும் ஆள்.

பட்டாளத்துக் கதை நீங்கள் அதிகம் பேசியதில்லை. மலைமேல் ரேஷன் லாரி ஓட்டினீர்கள் என்று தெரியும். இடது கால் ஷூவுக்குள் துணி அடைத்துக்கொள்வீர்கள். ஏன் என்று கேட்க வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒருநாள் தொட்டியில் புண்ணாக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தபோது நான்தான் கேட்டேன். நீங்கள் பாட்டுக்குத் தவிட்டைக் கலக்கிக்கொண்டே சொன்னீர்கள்.

"லாரிய நிறுத்திட்டு காவலுக்கு நின்னேம்மா. மாத்திவுட ஆளு வருவான்னு நின்னுகினே இருந்தேன். பனியில வழி அடைச்சிகிச்சி, அவன் வரல. அப்பறம் ரெண்டு வெரல எடுத்துட்டாங்க."

"முடியலன்னு சொல்லியிருக்கலாமே மாமா?"

"யாருகிட்ட சொல்றது? அங்க இருந்தது நான் ஒருத்தந்தான்."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டீர்கள்.

பட்டாளத்திலிருந்து ஊருக்கு வந்ததும், கிடைத்த பணத்தில் பழைய வேன் ஒன்று வாங்கி, ஷிப்டுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு மறைமலைநகருக்கு ஓட்ட ஆரம்பித்தீர்கள். அது ஷெட் நிறைய வேன்களாயிற்று. பிறகு பெரிய கான்ட்ராக்ட்காரர்கள் பெரிய பஸ்களோடு வந்தபோது, ஒரு பெருமூச்சுகூட விடாமல் வேன்களைக் கொடுத்துவிட்டு ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தில் கொட்டகை போட்டீர்கள். உங்கள் சின்னப் பிள்ளை அப்போதே ப்ளாட் போட்டு விற்கலாம் என்றான். "மொதல்ல மாடு நிக்கட்டும்டா. ப்ளாட்டு எங்கியும் ஓடிடாது" என்றீர்கள். அந்த வயதில் மாடு எதற்கு என்று ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். நாளைக்குச் சாணி அள்ளப்போவது யார் என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

மாடுகளிடம் நீங்கள் தமிழ் பேசியதில்லை. "சலோ" என்றால் கிளம்பும், "டைரோ" என்றால் நிற்கும். செங்கல்பட்டுப் பக்கத்துப் புல்லைத் தின்றுகொண்டு இந்தி கேட்டு நடந்த மாடுகள் அவை. உங்கள் இந்தி எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு தடவை கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோவில் இறங்க வேண்டிய இடத்தில் "டைரோ" என்று கத்திவிட்டேன். ஓட்டுநர் திரும்பி, "இன்னாக்கா, வடக்கயா நீ?" என்றான்.

நீங்கள் இருந்தவரை வேலை பாதிப் பாதியாக இருந்தது. நீங்கள் போனதும், என் வீட்டுக்காரர் கம்பெனி ஷிப்டுக்கு ஓட, முழுதாக என்மேல் விழுந்தது. ஆள் வைத்தோம். கட்டட வேலைக்குப் போனால் கூலியும் அதிகம், கொம்பும் கிடையாது என்று வந்தவர்களெல்லாம் போய்விட்டார்கள். மாமல்லபுரம் என்ன தூரதேசமா? அங்கிருக்கும் என் அம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்க முடியவில்லை. தங்கை மகள் கல்யாணத்துக்குக் காலைப் பால் கறந்துவிட்டுப் போனேன். தாலி கட்டியதும் அட்சதையைப் போட்டுவிட்டு, பந்தியில்கூட உட்காராமல் சாயங்காலப் பாலுக்கு பஸ் ஏறினேன். ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. கடலோரம் பிறந்தவள் நான். இறங்கிக் காலை நனைக்கக்கூட நேரமில்லை. அன்றைக்கு பஸ்ஸில் அழுதேன் மாமா. யார்மேலும் கோபமில்லை, வெறும் அசதி.

உங்கள் வருஷ திதிக்கு எல்லாரும் வந்தார்கள். காக்கைக்குச் சோறு வைத்து, படையல் எடுத்து, சாப்பிட உட்கார்ந்ததும் படூரிலிருந்து வந்திருந்த உங்கள் சின்னப் பிள்ளை பேச்சை எடுத்தான்.

"அண்ணி, அப்பா ஞாபகமா மாட்ட அப்டியே வெச்சிகினு இருக்கணும். அவரு உசுரே அதுங்க மேலதான். யூனிபார்ம் போட்டோவ பெருசு பண்ணி கொட்டாயில மாட்டிடலாம்."

"அப்பா ஆசப்பட்டதுதானே" என்றார் என் வீட்டுக்காரர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் உங்கள்மேல் பாசம். பொய்யில்லை. ஆனால் நாளை விடிந்ததும் அந்தப் பாசத்தில் பால் கறக்கப்போவது நான் ஒருத்தி. ஆளாளுக்கு ஒரு போட்டோவை மனதில் மாட்டிக்கொண்டு கார் ஏறிவிடுவார்கள். நான் எழுந்துபோய் ஆணியில் தொங்கிய தீவன ரூம் சாவியை எடுத்துவந்து, பாயசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், மேசைமேல் வைத்தேன்.

"இன்னா அண்ணி இது?" என்றான் சின்னவன்.

கை கழுவிவிட்டு வந்துகொண்டிருந்த ஏழுமலை, உங்கள் முதல் வேனை ஓட்டிய அதே ஏழுமலை, அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த மேசை உங்கள் வேன் ஷெட்டில் கிடந்த மேசைதானே.

ஷெட்டில் உங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்த டிரைவரும் எந்த நேரத்திலும் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து அந்த மேசையில் வைத்துவிடலாம். தூக்கமா, காய்ச்சலா, வீட்டில் சண்டையா, யாரும் கேட்கக் கூடாது. அந்த நேரம் அங்கே இருப்பவர் சாவியை எடுத்து ட்ரிப்பை முடிக்க வேண்டும். மற்ற ஓனர்கள் கேலி செய்தார்கள். "தூக்கம் வருதுன்னு சொல்ற டிரைவரு வண்டியிலதான் என் புள்ளைங்கள ஏத்துவேன்" என்பீர்கள். அந்தச் சட்டம் எந்த மலையில் பிறந்தது என்று எனக்குத் தெரியும்.

ஏழுமலைதான் வாயைத் திறந்தார். "ஓனரு வூட்டுப் புள்ளைங்கதானே நீங்க? சாவி மேசைக்கு வந்துட்ச்சி."

"ஏன், மொதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அதத்தான் தம்பி கேக்கக் கூடாது" என்றார் ஏழுமலை.

சாவி அங்கேயே கிடந்தது. எடுப்பார் யாருமில்லை. வெயில் சாய்ந்ததும் கொட்டகையிலிருந்து மேஜர் கத்த ஆரம்பித்தது. நான் எழுந்திருக்கவில்லை. மடியில் பால் கட்டிக்கொண்டு ஒரு மாடு கத்தும்போது உட்கார்ந்திருப்பது லேசில்லை மாமா, கை தானாகவே மடங்கி நிமிர்ந்தது. கடைசியில் சின்னவன்தான் சாவியை எடுத்துக்கொண்டு, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு போனான். போன சூட்டில் திரும்பி வந்தான். வெள்ளைச் சட்டையில் சாணிப் பச்சையில் ஒரு குளம்படி. அன்றைக்கு ஏழுமலையும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு வழியாகக் கறந்து முடித்தார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சின்னவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வித்துடலாம் அண்ணி, சாரி அண்ணி" என்றான். நல்ல பிள்ளைதான்.

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி, ஏற்கனவே மாடு வைத்திருப்பவர்கள், வந்து பார்த்து வாங்கிக்கொண்டார்கள். அடிமாட்டுக்குக் கொடுக்கவில்லை, அதற்கு நீங்கள் பயப்பட வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு "சலோ", "டைரோ" இரண்டையும் சொல்லிக்கொடுத்தேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். மேஜர் காதை ஆட்டியது, வண்டியில் ஏறியது. நான் அழுவேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். எனக்குத் தூக்கம்தான் வந்தது. அன்றைக்கு விளக்கு வைக்கும் முன்பே படுத்து, வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினேன்.

தூங்கி எழுந்த பிறகுதான் உங்கள் ஞாபகம் வேறு மாதிரி வந்தது. டிரைவர்கள் எல்லாருக்கும் சாவி வைக்க ஒரு மேசை கொடுத்தீர்கள். அவர்கள் வைத்த சாவியை எடுத்து ஓட்டியது பெரும்பாலும் நீங்கள். உங்கள் சாவியை நீங்கள் எங்கே வைத்தீர்கள்? பட்டாளம், வேன், மாடு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறினீர்களே தவிர, போதும் என்று ஒருநாளும் சொல்லவில்லை. கடைசி வாரம்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, சினை மாட்டுக்குத் தவிடு வைத்தாயா என்று என்னைக் கேட்டீர்கள். யாரிடம் சொல்வது என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை போலிருக்கிறது. அதை நினைத்தபோதுதான் அழுதேன்.

நேற்று உங்கள் பெரிய பிள்ளை, என் வீட்டுக்காரர், ஷிப்டு முடிந்து வந்தார். கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார். பிறகு அதை மேசைமேல் வைத்து, என் பக்கமாகத் தள்ளினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வாரத்துக்கா, ஒரேயடியாகவா, கம்பெனியில் என்ன நடந்தது, மகளுக்குக் காலேஜ் இன்னும் முடியவில்லையே, எல்லாம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது மாமா. மாடும் இல்லை, பால் காசும் இல்லை, இப்போது இதுவுமா என்று பயந்தேன்.

ஆனால் அந்த நேரம் அங்கே இருந்தது நான் ஒருத்திதான். எதுவும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டேன்.

உங்கள் மருமகள்